மூன்று கிலோவுக்கு மேலா, கீழா?

வாசகர் கேள்விகள் – கோத்தகிரி வக்கீலம்மா பதில்கள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, ‘நான் பிழைத்தது சுங்கச் சட்டத்தில்’ என்று ஒரு வரி எழுதினேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். பட்டா மாறுதல், பாகப்பிரிவினை கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட். சர்வதேச வணிகச் சட்டம், கஸ்டம்ஸ் ஸ்ட்ராட்டஜி கன்சல்டிங் என்றெல்லாம் வேலை இருப்பதாக யூடியூபில் பார்த்தேன். வெளிநாட்டில் படித்தால்தான் உள்ளே நுழைய முடியும் என்கிறார்கள். எங்கள் சொந்தத்தில் வக்கீலே கிடையாது. எனக்கு ஒத்துவருமா மேடம்?
– ஒரு மாணவி, கட்டபெட்டு

பதில்: வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன் கண்ணு. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் ஒத்துவரும்.

சரக்கு ஒன்று நாட்டின் எல்லையைத் தாண்டும்போது சுங்கத்துறை மூன்று விஷயம் கேட்கும். இது என்ன பொருள், என்ன விலை, எந்த நாட்டில் உண்டானது. வகைப்பாடு, மதிப்பு, பிறப்பிடம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். வரி, சலுகை, தடை, அபராதம் எல்லாம் இந்த மூன்று பதிலைப் பொறுத்துத்தான். சரக்கு கப்பல் ஏறும் முன்பே இந்த மூன்றுக்கும் கேள்வி கேட்டால் நிற்கக்கூடிய பதிலைத் தயார் செய்து தருகிறவர் கன்சல்டன்ட். அந்தப் பதிலை அதிகாரி ஏற்காதபோது மேல்முறையீட்டில் வாதாடுகிறவர் வக்கீல். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம். நான் அப்படித்தான் காலம் தள்ளினேன்.

‘இது என்ன பொருள்’ என்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெயையே எடுத்துக்கொள். சின்ன பாட்டிலில் அடைத்து விற்றால் அது சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா? வரிப் பட்டியலில் தேங்காய் எண்ணெய்க்கான 1513 என்ற தலைப்பில் வைத்தால் ஒரு வரி, கூந்தல் தைலத்துக்கான 3305இல் வைத்தால் வேறு வரி. சேலம் மத்திய கலால் ஆணையரகம் கொண்டுபோன வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். 2024 டிசம்பரில் மூன்று பேர் அமர்வு உட்கார்ந்துதான், பாட்டில் சிறியதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அது கூந்தல் தைலமாகிவிடாது என்று தீர்ந்தது. அது கலால் வழக்கு என்றாலும் அதில் புழங்கிய எண்கள் சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்தப் புழங்கும் அதே எச்.எஸ். (ஹார்மனைஸ்டு சிஸ்டம்) எண்கள்தான். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு அதைப் பராமரிக்கிறது. அதற்குப் பின் இந்தியா இரண்டு இலக்கம் சேர்க்கும், அமெரிக்கா நான்கு சேர்க்கும். இப்போது நடப்பில் இருப்பது 2022 பதிப்பு. அடுத்தது 2028 ஜனவரியில் வருகிறது. அதாவது நீ தொழிலுக்கு வரும்போது எங்களைப் போன்ற பழைய ஆட்களும் உன்னோடு சேர்ந்து புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். இந்தத் தொழிலில் இளையவர்களுக்கு இருக்கும் நல்ல வசதி அது.

இனி வழி. நான் சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் (சுங்கத் தரகர்) ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் விவரப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியைக் கார்பன் வைத்து அடித்த காலம். சரக்கைக் கண்ணால் பார்க்காமல் அதன் பெயரை அடிக்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம், துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவார். இன்வாய்ஸில் ‘பேரிங்’ என்று ஒரே சொல் இருக்கும். பெட்டியைப் பிரித்து எண்ணெய்த்தாளை விலக்கினால் பாதி பால் பேரிங், மீதி அதை உட்காரவைக்கிற வார்ப்பிரும்புக் கூடு. பேரிங் 8482, கூடு 8483. இன்வாய்ஸை மட்டும் பார்த்து அடித்திருந்தால் ஒரு எண்ணோடு போயிருக்கும், பிறகு நோட்டீஸ் வந்திருக்கும். சட்டக் கல்லூரியில் நான் கற்றதைவிட அந்தக் கிரீஸ் கையோடு கற்றது அதிகம். அதனால் உனக்கும் அதே வரிசையைத்தான் சொல்வேன். பி.காம். முடித்ததும் கோவையிலோ திருப்பூரிலோ கொச்சியிலோ ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் சேர். 2018ஆம் ஆண்டு சுங்கத் தரகர் உரிம விதிமுறைப்படி, ஊழியருக்கு முதலில் எச் கார்டு, பிறகு தேர்வு எழுதி ஜி கார்டு என்று படி இருக்கிறது. ஜி கார்டு இருந்தால் உன் கையெழுத்தில் சுங்க வேலை நடக்கும். ஓரிரு ஆண்டு இதைப் பார்த்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேரலாம். கோவை அரசு சட்டக் கல்லூரியில் அது இருக்கிறது. வேலையையும் சட்டப் படிப்பையும் ஒன்றாக ஓட்ட நினைக்காதே, வருகைப்பதிவு விடாது.

பிறகு பாதை பிரியும். எல்.எல்.பி. போன்ற தொழிற்பட்டமும் ஜி கார்டில் இரண்டு ஆண்டு அனுபவமும் இருந்தால் சுங்கத் தரகர் தேர்வையே எழுதலாம். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டும் உண்டு. வக்கீலாகப் பதிவு செய்துகொண்டால் பார் கவுன்சில் விதிப்படி முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது. ஆகவே பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்களின் கன்சல்டிங் பிரிவில் சேருகிறவர்கள் பதிவை நிறுத்திவைத்துவிட்டுத்தான் போகவேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வக்கீல் படிப்பே வேண்டாம் என்றாலும் சி.ஏ., சி.எம்.ஏ. முடித்தவர்கள் சுங்கச் சட்டம் 146ஏ பிரிவின்படி தீர்ப்பாயத்தில் கட்சிக்காரருக்காக ஆஜராகலாம்.

வெளிநாட்டுப் பட்டம் நல்லதுதான், பணம் இருந்தால். கட்டாயம் கிடையாது. கட்டாயம் வேண்டியது ஆங்கிலத்தில் சுற்றிவளைக்காமல் ஒரு பொருளை விவரித்து எழுதத் தெரிவது. 2020 ஜூன் 8ஆம் தேதி சென்னையிலும் பெங்களூரிலும் முகமறியா மதிப்பீடு தொடங்கியது. அதற்குப் பிறகு உன் பில்லைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் உட்கார்ந்திருப்பார். நேரில் போய் விளக்க முடியாது. நீ எழுதியதுதான் அவருக்குத் தெரியும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வசதியும்கூட, மின்சாரமும் இணையமும் இருக்கிற நாளில் கட்டபெட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடிக்கலாம்.

கேள்வி: எங்கள் ஃபேக்டரியில் சி.டி.சி. டீத்தூளோடு கொஞ்சம் கிரீன் டீயும் செய்கிறோம். அமெரிக்காவில் உள்ள ஒருவர் மூன்று வகை கேட்கிறார்: ஏலக்காய் போட்ட மசாலா டீ, லெமன் கிரீன் டீ, வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற பால்-சர்க்கரை கலந்த பிரீமிக்ஸ். எல்லாவற்றையும் ‘தேயிலை’ என்று 0902இல் போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் ஏஜென்ட். சரிதானா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: மூன்றில் இரண்டுக்குச் சரி. அந்த இரண்டிலும் ஆறு இலக்கம் வரை போனால்தான் விஷயம் புரியும்.

0902க்குள் நான்கு அறை இருக்கிறது. பச்சைத் தேயிலை, அதாவது கிரீன் டீ, மூன்று கிலோவுக்கு மிகாத பொட்டலத்தில் இருந்தால் 0902 10. அதற்கு மேல் 0902 20. கறுப்புத் தேயிலை, அதாவது வழக்கமான டீத்தூள், மூன்று கிலோவுக்குள் 0902 30, மேலே 0902 40. பொட்டலம் என்றால் தேயிலையை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிற பொட்டலம். கால் கிலோ கவர்களை அடுக்கிப் பத்து கிலோ அட்டைப்பெட்டி கட்டினாலும் அது 0902 30தான். குன்னூர் ஏலத்துக்குப் போகிற மாதிரிப் பெரிய காகிதச் சாக்கில் போட்டால் 0902 40. பெட்டியின் எடையைப் பார்த்து எண் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மசாலா டீயில் ஏலக்காய், கிராம்பு, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், மல்லிகை என்று மணத்துக்குச் சேர்த்தது தேயிலையின் குணத்தை மாற்றாது, 0902லேயே இருக்கும். லெமன் கிரீன் டீயும் அப்படித்தான். ஆனால் அமெரிக்கச் சுங்கப் பட்டியல் அங்கே ஒரு கோடு போடுகிறது. மணம் சேர்க்காத பச்சைத் தேயிலைக்கு அடிப்படை வரி இல்லை, மணம் சேர்த்ததற்கு 6.4 சதவீதம். கறுப்புத் தேயிலைக்கு இரண்டு விதமும் இலவசம். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மேல் அமெரிக்கா ஏற்றிய 50 சதவீதம் மாதிரியான கூடுதல் வரிகள் இருந்தால் அவை இதற்கு மேல் வரும், அவ்வப்போது மாறும். அனுப்புகிற வாரத்தில் இருப்பதைப் பாருங்கள். நாளைக்கு ஜெர்மனிக்காரர் கேட்டால் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் மூன்று கிலோவுக்குள் அடைத்த பச்சைத் தேயிலைக்கு மட்டும் பொது வரி 3.2 சதவீதம், மற்ற மூன்று அறைக்கும் ஒன்றுமில்லை. அங்கேயே போய்ப் பொட்டலம் போடட்டும், அந்த வேலையும் லாபமும் தங்களுக்கு வரட்டும் என்பது அவர்கள் கணக்கு. சலுகைத் திட்டத்தில் தகுதி காட்டினால் அது குறையும், தனிக்கதை.

பிரீமிக்ஸ் 0902 ஆகவே ஆகாது. சர்க்கரையும் பால் பவுடரும் கலந்து டீயை அடிப்படையாக வைத்துச் செய்த தயாரிப்பு. 2101 20 அதற்கான இடம். பாலும் சர்க்கரையும் இருப்பதால் இறக்குமதி செய்கிறவருக்கு அமெரிக்காவில் வேறு கெடுபிடிகளும் உண்டு. அவரிடம் சேர்மான விகிதத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் 0902 என்று போட்டால் சரக்கு ஒருவேளை போய்விடும்தான். ஆனால் ஷிப்பிங் பில்லில், அதாவது ஏற்றுமதிப் படிவத்தில், எண் போடுவது உங்கள் பொறுப்பு, ஏஜென்ட் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. தெரிந்தே பொய் விவரம் கொடுத்தால் சுங்கச் சட்டம் 114ஏஏ பிரிவில் சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்குவரை அபராதம் விதிக்கலாம். உங்கள் ஏஜென்டை மாற்றச் சொல்லவில்லை. அவரிடம் மூன்று வகைக்கும் ஒரு பாக்கெட் கொடுத்து, பின்பக்கத்துச் சேர்மானத்தைப் படிக்கச் சொல்லுங்கள். லெமன்கிராஸ், துளசி என்று தேயிலையே இல்லாத மூலிகை ‘டீ’யும் பின்னால் வரும் என்று நினைக்கிறேன். தேயிலைச் செடியின் இலை இல்லாவிட்டால் அது 0902 இல்லை, பாக்கெட்டில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும்.

கேள்வி: கொடைக்கானலில் ஹோம்மேட் சாக்லேட் கடை. சிங்கப்பூருக்கு ஒரு கிஃப்ட் ஆர்டர். கூரியர்காரர் எச்.எஸ். எண் கேட்கிறார். எல்லாம் சாக்லேட்தானே?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: வெள்ளை நிறத்தில் இருப்பதைத் தவிர. அதில் கோகோ வெண்ணெய் மட்டும்தான், கோகோத் தூள் இல்லை. சுங்கத்துக்கு அது மிட்டாய், 1704. மற்றவை 1806. கட்டியாக, பாளமாக இருப்பதில் உள்ளே வேறு பண்டம் வைத்து மூடியிருந்தால் 1806 31, இல்லாவிட்டால் 1806 32. பாதாம், திராட்சையைப் பாளம் முழுக்கப் பதித்திருந்தால் அதை ‘உள்ளே வைத்தது’ என்று எண்ணுவதில்லை.

கேள்வி: கஸ்டம்ஸ் என்றாலே கைக்காசு. அதற்கு ‘ஸ்ட்ராட்டஜி’ என்று கோட்டு மாட்டிவிட்டால் ஆயிற்றா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: உங்கள் கோபத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் கைக்காசு என்பது சரக்கு வந்து இறங்கி, டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்கப்படுவது. முன்கூட்டியே காகிதம் சரியாக இருக்கும் சரக்குக்கு அந்த நெருக்கடி குறைவு. என் கட்சிக்காரர்களிடம் நான் சொன்ன ஸ்ட்ராட்டஜி பெரும்பாலும் இவ்வளவுதான்.

கோவையில் பம்ப் செய்கிற ஒருவர் தாய்லாந்திலிருந்து பாகம் வாங்குகிறார் என்று வையுங்கள். ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகள்) ஒப்பந்தச் சலுகை வரி கிடைக்கும் என்று விற்கிறவர் சொல்லி, ஒரு சான்றிதழும் அனுப்பிவிடுவார். முன்பெல்லாம் அந்தக் காகிதம் போதும். 2020 செப்டம்பர் 21 முதல் போதாது. சுங்கச் சட்டத்தின் 28டிஏ பிரிவும் அதன் கீழ் வந்த விதிகளும், அந்தப் பாகம் உண்மையில் தாய்லாந்தில்தான் உருவானது என்பதற்கான விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்கின்றன. அந்த ஒப்பந்தத்தின் பொது விதிப்படி 35 சதவீத மதிப்பு அந்த வட்டாரத்தில் சேர்ந்திருக்க வேண்டும், ஆறு இலக்க எண்ணும் மாறியிருக்க வேண்டும். வேறு நாட்டில் வார்த்ததை அங்கே கொண்டுபோய் பெயின்ட் அடித்து அனுப்பியிருந்தால் சான்றிதழ் அழகாக இருக்கும், சலுகை நிற்காது. இதை ஆர்டர் போடும் முன் கேட்பதா, இரண்டு வருஷம் கழித்து வட்டியோடு கட்டுவதா? ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகத் துறை சொன்னால் ஐந்து ஆண்டு பின்னோக்கியும் போகலாம்.

எண் எதுவென்று உண்மையாகவே சந்தேகமென்றால் டெல்லியிலும் மும்பையிலும் 2021 ஜனவரி முதல் இயங்கும் முன்தீர்ப்பு ஆணையத்திடம் முன்னதாகவே கேட்டு வாங்கிவிடலாம். அது துறையையும் கட்டுப்படுத்தும். ஏற்றுமதிக்கென்றே செய்கிறவர் தொழிற்சாலையையே சுங்கப் பாதுகாப்புக் கிடங்காகப் பதிவு செய்து, வரி கட்டாமல் மூலப்பொருள் கொண்டுவரலாம். இதற்கெல்லாம் கோட்டு தேவையில்லை. பொறுமையாகப் படிக்கிற ஆள் ஒருவர் தேவை.

கேள்வி: தோட்டத்தில் பறிக்கும் பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லை. இலங்கைத் தேயிலை, வியட்நாம் தேயிலை, நேபாளத் தேயிலை என்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அரசாங்கம் நூறு சதவீதம் வரி போட்டு நிறுத்தினால் என்ன?
– ஒரு சிறு விவசாயி, மஞ்சூர்

பதில்: ஐயா, நூறு சதவீதம் ஏற்கெனவே போட்டிருக்கிறது. கதவில் பூட்டு இருக்கிறது, ஜன்னல்கள் திறந்திருக்கின்றன.

முதல் ஜன்னல் இலங்கையோடு 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ தேயிலை வரை 7.5 சதவீத வரியில் வரலாம். இரண்டாவது ஆசியான் ஒப்பந்தம். கறுப்புத் தேயிலையைச் சிறப்புப் பொருள் என்று தனியே வைத்து, வரியை முழுக்க எடுக்காமல் 45 சதவீதம்வரை படிப்படியாகக் குறைத்தார்கள். மூன்றாவது நேபாளம், அது சலுகை ஒப்பந்தத்தில் வரியில்லாமல் வருகிறது. நான்காவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மறுஏற்றுமதிக்கென்று முன்அனுமதி வாங்கி, வரி கட்டாமல் வெளிநாட்டுத் தேயிலையைக் கொண்டுவந்து கலந்து அனுப்பலாம். சாதாரணப் பொருளுக்கு இறக்குமதி மதிப்பைவிட ஏற்றுமதி மதிப்பு 15 சதவீதம் கூடினால் போதும் என்றிருக்க, தேயிலைக்கு 50 சதவீதம் என்று வைத்ததே உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான். அப்படி வந்தது வெளியே போகாமல் உள்ளூர்ச் சந்தையில் இறங்கினால் அது குற்றம். அதைப் பிடிக்கக் கணக்கும் கண்காணிப்பும் வேண்டும், போராட்டம் மட்டும் போதாது.

வெளிநாட்டுச் சரக்கை மலிவு விலையில் இங்கே குவிப்பதைத் தடுக்கும் பொருள்குவிப்புத் தடை வரி கேட்கலாமே என்று உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கேட்கலாம், டெல்லியில் வணிகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம் இருக்கிறது. மனுவுக்கு உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதத்தின் ஆதரவு வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. வருவது தூள். நீங்கள் விற்பது இலை. ‘அதே மாதிரிப் பொருளை’ உற்பத்தி செய்கிறவர்தான் உள்நாட்டுத் தொழில் என்று சட்டம் சொல்கிறது. இலையும் தூளும் ஒரே மாதிரிப் பொருளா? ஃபேக்டரிக்காரர்கள் சேராமல் நீங்கள் மட்டும் போனால் அந்தக் கேள்வியிலேயே மனு நின்றுவிடும். சோவியத் யூனியன் இருந்தவரை நம் தேயிலைக்கு அங்கே நிலையான கிராக்கி. 1991க்குப் பிறகு அது போனதும் இங்கே விலை படிப்படியாக விழுந்த கதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒப்பந்தம் பேசும் நாள்களில் டெல்லியில் வாங்குகிறவர் தரப்புக்கும் பெரிய தோட்டங்களின் தரப்புக்கும் எண்ணோடும் சட்டப்பிரிவோடும் பேச ஆள் இருந்தது. மலையில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு இல்லை. கட்டபெட்டுப் பெண்ணுக்கு மேலே எழுதியதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் காட்டுங்கள்.

கேள்வி: பழனியில் சிவில் வழக்கு நடத்தும் வக்கீல். எட்டு ஆண்டு அனுபவம். வாடகை வழக்கு, பாகவழக்கு அலுத்துவிட்டது. சுங்கச் சட்டத்துக்கு மாற முடியுமா? வயதாகிவிட்டதா?
– ஒரு வழக்கறிஞர், பழனி

பதில்: எட்டு ஆண்டு சிவில் பார்த்தவருக்கு வயதாகவில்லை தம்பி. சாட்சியம் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் குறைவு. முதலில் 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டம், 1975ஆம் ஆண்டு சுங்க விகிதச் சட்டம் இரண்டையும் வாங்குங்கள். இரண்டாவதில் முதல் அட்டவணையின் தொடக்கத்தில் ஆறு விளக்க விதிகள் இருக்கும். தொழிலின் அஸ்திவாரம் அவைதான்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊர்ப் பஞ்சாமிர்தம், 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதை மலேசியாவுக்கு அனுப்ப என்ன எண்? வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். பார்வைக்கு ஜாம். ஜாமுக்கு 2007. ஆனால் அந்தத் தலைப்பு ‘சமைத்துப் பெறப்பட்டது’ என்கிறது. அப்படியென்றால் சூடேற்றி நீரை வற்றச் செய்து கெட்டியாக்கியது என்று அத்தியாயக் குறிப்பும் இருக்கிறது. பஞ்சாமிர்தம் அடுப்பு ஏறுவதில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்வதில்லை. 2007 போயிற்று. பழத்தை வேறு விதமாகப் பதப்படுத்தியது என்று 2008இல் வைக்கலாமா? சர்க்கரை எடையில் அதிகமாக இருந்தால் இது பழப் பண்டமா, சர்க்கரைப் பண்டமா என்று எதிர்த்தரப்பு எழும். அப்போது எதனால் இதற்கு இந்தக் குணம் வருகிறது என்று காட்ட வேண்டும். விருப்பாட்சி வாழையைப் பற்றியும், பழம் இல்லாமல் மீதி நான்கும் பஞ்சாமிர்தம் ஆகுமா என்பது பற்றியும் சாட்சியம் கொண்டுவருவீர்கள். எங்கும் ஒட்டாத உணவுத் தயாரிப்புகளுக்கு 2106 என்று ஒரு கடைசி அறை உண்டு. துறை அங்கே தள்ளப் பார்க்கலாம். அது கடைசி அறை, முதலில் திறக்க வேண்டியதில்லை என்பது உங்கள் வாதம். நான் எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன். இரண்டு பக்கத்துக்கும் தலா இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதும்போது அலுப்பு வரவில்லை என்றால் மாறுங்கள்.

மேல்முறையீட்டு ஏணியும் உங்களுக்குப் பிடிக்கும். ஆணையர் மேல்முறையீட்டுக்கு 60 நாள், பிறகு சென்னையில் செஸ்டாட் என்ற சுங்க, கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அங்கிருந்து வரி விகிதம், மதிப்பு பற்றிய வழக்கென்றால் உயர் நீதிமன்றத்தைத் தொடாமல் நேராக உச்ச நீதிமன்றம். பழனியிலிருந்து டெல்லிக்கு இரண்டே படி.

கேள்வி: ஊட்டியில் பிளஸ் டூ படிக்கிறேன். ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பில் வாதாட வேண்டும் என்பது என் கனவு ஆன்ட்டி.
– ஒரு மாணவர், உதகை

பதில்: கனவு இருக்கட்டும். நடப்பு நிலவரம் தெரிந்துகொள். அங்கே மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பர் முதல் செயல்படவில்லை. புது உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா ஒத்துக்கொள்ளாததால் விசாரிக்க வேண்டிய மூன்று பேர்கூட மிஞ்சவில்லை. கீழ்நிலைக் குழுக்கள் இன்னும் தீர்ப்பு எழுதுகின்றன; தோற்ற நாடு இயங்காத இடத்தில் மேல்முறையீடு போட்டுவிட்டு இருந்துவிடலாம். சர்க்கரை மானியம் பற்றி நம்மேல் வந்த வழக்கும் அப்படித்தான் நிற்கிறது.

ஆனால் வேலை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. அமீரக ஒப்பந்தம் 2022 மே, ஆஸ்திரேலியா 2022 டிசம்பர், ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா நாடுகளோடு 2025 அக்டோபர் என்று வரிசையாக நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தானது. இவற்றின் ஒவ்வொரு வரியையும் யாரோ எழுதினார்கள். டெல்லியில் வணிக அமைச்சகம் ஏற்படுத்திய வணிக, முதலீட்டுச் சட்ட மையம் இளம் வக்கீல்களை வைத்துத்தான் இந்த வேலையைச் செய்கிறது. கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வை எழுதினால் திருச்சியிலேயே தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐந்தாண்டு முடித்துவிட்டு ஓரிரு வருஷம் இங்கே வேலை பார்த்த பிறகு, பெர்னில் உள்ள வேர்ல்ட் டிரேட் இன்ஸ்டிடியூட் போன்ற இடத்துக்கு முயற்சி செய். நேராகப் போகிறவர்களைவிட, சரக்கைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பாடம் சீக்கிரம் பிடிபடும்.

கேள்வி: இதில் சம்பளம் எவ்வளவு? நேரடியாகச் சொல்லுங்கள்.
– ஒரு தந்தை, குன்னூர்

பதில்: தரகர் அலுவலகத்தில் முதல் ஓரிரு ஆண்டு, கோவையில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் வீட்டுக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது. பெரிய நிறுவனங்களின் கன்சல்டிங் பிரிவில் ஆரம்பமே நன்றாக இருக்கும், அங்கே நுழைவது கடினம். நல்ல பணம் வருவது, பார்ட்டி உங்கள் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டு வருகிறபோது. ‘மிச்சம் பிடித்துத் தந்த வரியில் இத்தனை சதவீதம்’ என்று பேசும் வழக்கம் கன்சல்டன்ட்களிடம் உண்டு. வக்கீலாகப் பதிவு செய்தவர் அப்படிப் பேசக்கூடாது, பார் கவுன்சில் தடுக்கிறது.

கேள்வி: மகன் துபாயில் மூன்று வருஷமாக இருக்கிறான். மருமகளும் அங்கேதான். ஊருக்கு வரும்போது எத்தனை பவுன் கொண்டுவரலாம்?
– ஒரு வாசகி, வெலிங்டன்

பதில்: எந்தத் தலைப்பு வைத்தாலும் இந்தக் கடிதம் வராமல் இருக்காது! ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர் என்றால் வரியில்லாமல் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். நகையாக இருக்கவேண்டும், காயின், பிஸ்கட் இந்தக் கணக்கில் சேராது. மகன் பங்கையும் மருமகள் பங்கையும் கூட்டி ஒருவர் கழுத்தில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. அதற்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டட்டும், பில்லைக் கையில் வைத்திருக்கட்டும். பயணிகள் சாமான் விதி அவ்வப்போது மாறுகிறது, டிக்கெட் போடும்போதே ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.